றிச்மண்டில் இரண்டு சதிகள்: தேசத்துரோகச் சட்டமும் அமெரிக்கப் புனைகதையும்

இலக்கியத்துக்கும் சமுதாயத்துக்குமுள்ள தொடர்பினை ஆராய்வோர் பொருளாதார உறவுகளையும் அரசியல் இயக்கங்களையும் வர்க்க முரண்பாடுகளையும் விரிவாக நோக்குவர். நீதிமன்றத்தை நோக்குவது அரிது. ஆயின் நீதிமன்றமும் ஒருவகையிற் கதை கூறப்படும் களமேயாகும். யார் எதனைச் செய்தனர், எந்நோக்குடன் செய்தனர், அச்செயலுக்கு என்ன பெயரிடுவது என்னும் வினாக்கள் அங்கு எழுப்பப்படுகின்றன. அங்கு கூறப்படும் விடை உயிரைக் காக்கவும் பறிக்கவும் வல்லது. நீதிமன்றம் விடை கூறாது விட்ட இடங்களிலே பிற்காலத்து எழுத்தாளன் புகுந்து தன் கற்பனையால் அவற்றை நிரப்புகின்றான். எந்த இடைவெளியை நிரப்ப முயல்கிறான், எதனைக் காணாதது போல் விட்டுச் செல்கிறான் என்பவை அவனது கருத்துநிலையை இனங்காண்பதற்கு உதவும் சான்றுகளாகும்.

இந்நோக்கில் ஆராயத்தக்க சிறந்ததோர் எடுத்துக்காட்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முன்னாள் உப சனாதிபதி ஆரன் பர் மீது 1807 ஆம் ஆண்டு வேர்ஜினியாவின் றிச்மண்ட் நகரில் நடைபெற்ற தேசத்துரோக வழக்காகும். இவ்வழக்கைப் பற்றி எழுந்த புனைகதைகளும் நாவல்களும் பல. அதே நகரில் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் இன்னுமொரு சதி விசாரிக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 26 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் அனைவரும் கறுப்பின மக்கள்; அவர்களுக்குத் தலைமை தாங்கியவன் கேப்ரியல் என்னும் கொல்லன். இவ்விரு சதிகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதுதான் முதலாவதைப் பற்றிய இலக்கியத்தின் இயல்பு தெளிவாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1

ஆரன் பர் சாதாரண மனிதரல்லர். 1800 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரும் தோமஸ் ஜெபர்சனும் தலா 73 தேர்வாளர் வாக்குகளைப் பெற்றனர். பிரதிநிதிகள் சபையில் 36 முறை வாக்கெடுப்பு நடந்த பின்னரே ஜெபர்சன் சனாதிபதியானார். பர் உப சனாதிபதியானார். 1804 ஜூலை 11 ஆம் திகதி நிகழ்ந்த துவந்த யுத்தத்தில் அலெக்சாந்தர் ஹமில்ற்றனைச் சுட்டு வீழ்த்தியதோடு கிழக்குப் பகுதியில் அவரது அரசியல் வாழ்வு முடிவுற்றது. 1805 இல் பதவி நீங்கியவர் மேற்கை நோக்கினார்.

அன்றைய மேற்கு என்பது வெறும் நிலப்பரப்பன்று. 1803 இல் பிரான்சிடமிருந்து ஏறத்தாழ 1 கோடி 50 இலட்சம் டொலருக்கு லூசியானா வாங்கப்பட்டிருந்தது. பழங்குடி மக்களின் நிலங்கள் காகிதத்திற் கைமாறின. காணி வணிகரும் பெருந்தோட்டக்காரரும் படையதிகாரிகளும் அங்கு விரைந்தனர். எல்லைக்கு அப்பால் ஸ்பானியரின் ஆட்சியிலிருந்த மெக்சிக்கோ அவர்தம் கண்களை ஈர்த்தது. பர் திட்டமிட்டது யாது? மேற்கு மாநிலங்களை ஒன்றியத்திலிருந்து பிரிப்பதா, மெக்சிக்கோவின்மீது படையெடுப்பதா, அன்றேல் அவர் கூறியவாறு வெறுமனே காணி வாங்கிக் குடியேறுவதா? வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. சந்தித்த ஒவ்வொருவரிடமும் அவரவர் கேட்க விரும்பியதையே பர் கூறினார் என்று கொள்வது பொருந்தும்.

அவருடைய கூட்டாளியாக இருந்தவர் அமெரிக்கத் தரைப்படையின் தலைமைத் தளபதி ஜேம்ஸ் வில்க்கின்சன். ஸ்பானிய அரசிடம் இரகசியமாகப் பணம் பெற்றுவந்த ஒற்றர் இவர் என்பதைப் பிற்காலத்திற் கிடைத்த ஸ்பானிய ஆவணங்கள் ஐயத்திற்கிடமின்றி நிறுவின. 1806 ஜூலையிற் குழூஉக்குறியில் எழுதப்பட்ட கடிதமொன்று இவருக்குக் கிடைத்தது. சதி வெற்றிபெறாது எனக் கணித்த வில்க்கின்சன் அக்கடிதத்தைத் தமக்குச் சாதகமாகத் திருத்தி ஜெபர்சனுக்கு அறிவித்தார். அதனைப் பர் எழுதினாரென்றே நீண்டகாலம் நம்பப்பட்டது. எஞ்சியுள்ள படி அவருடைய கூட்டாளியான ஜொனதன் டேற்றனின் கையெழுத்தில் உள்ளதென்று பரின் ஆவணங்களை 1983 இற் பதிப்பித்தோர் முடிவு கண்டனர்.

1806 டிசம்பர் 10 ஆம் திகதி, ஒகையோ ஆற்றிலுள்ள தீவொன்றில் ஆயுதந் தாங்கிய சிலர் கூடினர். அத்தீவின் உரிமையாளர் ஹார்மன் பிளெனர்ஹாசெற் என்னும் அயர்லாந்துப் பிரபு. கூடியோர் ஏறத்தாழ முப்பதின்மர். அவ்வேளையிற் பர் அங்கில்லை. கென்ரக்கி மாநிலத்தில் இருந்தார். வழக்கு முழுவதும் இந்த ஒரு செய்தியைச் சுற்றியே சுழன்றது.

1807 ஜனவரி 22 ஆம் திகதி, குற்றப்பத்திரமே வரையப்படாத நிலையில், பரின் குற்றம் ஐயத்துக்கு அப்பாற்பட்டதென்று சனாதிபதி ஜெபர்சன் சட்டமன்றத்துக்கு அறிவித்தார். நியூ ஓர்லியன்சில் வில்க்கின்சன் பிடியாணையின்றியே ஆட்களைக் கைது செய்து கப்பலேற்றி அனுப்பினார். ஆட்கொணர்வு எழுத்தாணையை மூன்று மாத காலத்துக்கு இடைநிறுத்தும் சட்டமூலத்தைச் செனற் சபை நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை அதனை 113 க்கு 19 என்னும் வாக்குகளால் நிராகரித்தது. பெப்ரவரியிற் பர் பிடிபட்டார். மார்ச் மாத இறுதியில் றிச்மண்டுக்குக் கொண்டுவரப்பட்டார்.

2

அமெரிக்க அரசியலமைப்பு வரையறுத்துக் கூறும் ஒரே குற்றம் தேசத்துரோகமாகும். நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தல், எதிரிகளுடன் சேர்ந்து அவர்களுக்கு உதவியும் ஆதரவும் அளித்தல் ஆகிய இரண்டு மட்டுமே அவ்வகையில் அடங்கும். ஒரே வெளிப்படைச் செயலை நேரிற் கண்ட இரு சாட்சிகளேனும் வேண்டும். அன்றேல் திறந்த நீதிமன்றத்திற் குற்ற ஒப்புதல் வேண்டும். இத்துணை இறுக்கமான வரையறைக்குக் காரணமுண்டு. 1351 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் மன்னனின் மரணத்தை மனத்தால் எண்ணுவதையே துரோகமெனக் கொண்டது. பேச்சையும் எழுத்தையும் கனவையும்கூடத் துரோகமாகப் பொருள்கொண்டு ஆங்கிலேய நீதிபதிகள் மனிதரைக் கொலைக்களத்துக்கு அனுப்பிய வரலாறு அரசியலமைப்பை வகுத்தோரின் நினைவிலிருந்து நீங்கவில்லை. அவர்களே பிரித்தானிய மன்னனுக்குத் துரோகிகளாய் இருந்தவர்கள்தாமே!

வழக்கை விசாரித்தவர் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல். சனாதிபதிக்கே அழைப்பாணை விடுக்கலாம் என்று 1807 ஜூன் மாதத்தில் அவர் தீர்மானித்தார். ஆகஸ்ட் 31 ஆம் திகதி வழங்கிய நீண்ட தீர்ப்புரையில், சதி செய்தல் வேறு, போர் தொடுத்தல் வேறு என வரையறுத்தார். தீவிலே போர் தொடுக்கப்பட்டதென்பது குற்றச்சாட்டு. பர் தீவில் இருக்கவில்லை. அக்கூட்டத்தைத் திரட்டியவர் அவரே என்பதாயின் அதுவும் குற்றப்பத்திரத்திற் கூறப்பட்டு இரு சாட்சிகளால் நிறுவப்படல் வேண்டும். அவ்வாறு நிறுவப்படாதவிடத்து அவரது எண்ணங்களையும் பேச்சுகளையும் பற்றிய ஏனைய சாட்சியங்கள் பயனற்றவை. மறுநாள் யூரர்கள், முன்வைக்கப்பட்ட சான்றுகளின்படி இக்குற்றப்பத்திரத்தின் கீழ் அவர் குற்றவாளியென நிறுவப்படவில்லை என்னும் விநோதமான சொற்களில் முடிவுரைத்தனர். ஸ்பெயினுக்கு எதிராகப் படை திரட்டியமை பற்றிய சிறுகுற்ற வழக்கிலும் செப்டம்பர் மாதத்தில் அவர் விடுவிக்கப்பட்டார்.

இத்தீர்ப்பினை முற்போக்காளர் எவ்வாறு மதிப்பிடுவது? எளிய விடையொன்று உண்டு. சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவி. கனவான் ஒருவரைக் கனவான்கள் விடுவித்தனர். அவ்வளவே என்பது அவ்விடை. இதற்கு வலுவான ஆதாரமுமுண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று.

1800 ஆகஸ்ட் 30 ஆம் திகதி இரவு, தோமஸ் புறொசரின் பெருந்தோட்டத்தைச் சேர்ந்த கேப்ரியல் திரட்டிய அடிமைகள் றிச்மண்டுக்குட் புகுந்து படைக்கலச்சாலையைக் கைப்பற்றி, ஆளுநர் ஜேம்ஸ் மன்றோவைப் பிணையாகப் பிடிக்கத் திட்டமிட்டிருந்தனர். அரிவாள்களை அடித்து வாள்களாக்கியிருந்தனர். அன்று பெய்த பெருமழையில் ஆறுகள் பெருகின, பாலங்கள் மூழ்கின, எழுச்சி ஒத்திவைக்கப்பட்டது. அதற்குள் அடிமைகள் இருவர் தம் எசமானிடம் செய்தியைக் கூறிவிட்டனர். ஒரு துப்பாக்கிதானும் வெடிக்கவில்லை. மார்ஷலின் சொற்களிற் கூறுவதாயின், அங்கு நிகழ்ந்தது சதியேயன்றிப் போர் தொடுத்தலன்று. ஆயினும் வேர்ஜினியாவின் அடிமைச் சட்டம் வேறு. 1723 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டுப் பின்னரும் பேணப்பட்ட அவ்விதியின்படி, கிளர்ச்சி செய்வது குறித்து அடிமைகள் கலந்தாலோசிப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமாகும். யூரி இல்லை, மேன்முறையீடு இல்லை, அடிமைகளை விசாரிப்பதற்கென அமைந்த மன்றின் நீதவான்களே தீர்ப்பளித்தனர். தூக்கிலிடப்பட்ட அடிமைகளின் பெறுமதி அரசாங்கப் பணத்திலிருந்து எசமானர்க்கு ஈடாக வழங்கப்பட்டது. ஒக்டோபர் 10 ஆம் திகதி கேப்ரியல் தூக்கிலிடப்பட்டான்.

ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே நாள், ஏழாண்டு இடைவெளி. உப சனாதிபதியாக இருந்தவருக்குச் சதி குற்றமாகவில்லை. அடிமைக் கொல்லனுக்கோ சதியே சாவாயிற்று. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் பூர்ஷ்வா வாய்பாட்டை இதனினும் தெளிவாகத் தோலுரிக்கும் எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

ஆனால் இத்துடன் நின்றுவிடுதல் இயக்கவியல் நோக்கு ஆகாது. ஆங்கிலேய மார்க்சிய வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன், இங்கிலாந்தில் அதே 1723 இல் இயற்றப்பட்ட கொடிய வேட்டைச் சட்டமொன்றைப் பற்றி 1975 இல் வெளியிட்ட நூலில், சட்டம் வர்க்க ஆதிக்கத்தின் கருவியென்பதை நிறுவிய பின்னர், அதிகாரத்துக்கு வரம்பிடும் சட்ட ஆட்சியானது மக்கள் போராட்டத்தால் ஈட்டப்பட்ட பேறுமாகும் என்று வாதிட்டார். இடதுசாரிகள் பலர் அவரைக் கடிந்தனர். எனினும் அவர் எழுப்பிய வினா புறக்கணிக்கத்தக்கதன்று. பர் விடுவிக்கப்பட்டமை தவறா, கேப்ரியலுக்கு அவ்விதி மறுக்கப்பட்டமை தவறா? இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர், கனவானையும் கொல்லனையும் ஒருங்கே தூக்கிலிடும் அரசையே சமத்துவமென ஏற்க நேரிடும்.

3

இனி இலக்கியத்துக்கு வருவோம். வழக்கைப் பற்றிய முதல் இலக்கியம் நீதிமன்றத்திலேயே பிறந்தது. அரச தரப்பு வழக்கறிஞர்களுள் ஒருவரான வில்லியம் வேர்ற் ஏற்கனவே கட்டுரை நூலொன்றினாற் புகழ்பெற்ற எழுத்தாளர். 1807 ஆகஸ்ட் 25 ஆம் திகதி அவர் ஆற்றிய உரை, பிளெனர்ஹாசெற்றின் தீவை ஏதேன் தோட்டமாகச் சித்திரித்தது: பூஞ்சோலை, நூலகம், இசை, விஞ்ஞானக் கருவிகள், அழகிய மனைவி, களங்கமறியாக் கணவன், அங்கே நுழையும் பாம்பு பர். பின்னர் அமெரிக்கப் பாடசாலை மாணவர் தலைமுறை தலைமுறையாக இவ்வுரையை மனனஞ் செய்து பேச்சுப் போட்டிகளில் ஒப்புவித்தனர்.

நடையழகில் இவ்வுரைக்குக் குறைவில்லை. ஆயின் அது ஓவியமாகத் தீட்டிய தோட்டத்தை யார் பண்படுத்தினர்? அத்தீவு வேர்ஜினியாவின் எல்லைக்குள் அமைந்திருந்தது. ஆற்றின் மறுகரையிலுள்ள ஒகையோவில் அடிமைமுறை தடைசெய்யப்பட்டிருந்தது. தீவிலோ பிளெனர்ஹாசெற் அடிமைகளை வைத்திருந்தார். வேர்ற்றின் ஏதேனில் ஆதாமும் ஏவாளும் பாம்பும் உளர், உழைப்பவர் இலர். நிலவுடைமையாளனின் சோலையை இயற்கையின் கொடையாகக் காட்டி, அதனை ஆக்கிய உழைப்பை மறைப்பது மேனாட்டு முல்லைப்பாடல் மரபின் பழைய உத்தி. நீதிமன்றத்தில் அது சான்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வெளிப்படைச் செயல் யாதென மார்ஷல் கேட்டார். வேர்ற் பாத்திரப் படைப்பை விடையாகத் தந்தார். பிற்காலப் புனைகதை ஆசிரியர் பெரும்பாலார் பின்பற்றியது வேர்ற்றையே.

அவர்களுள் முதன்மையானவர் எட்வேட் எவரெற் ஹேல். இவரது ‘நாடற்ற மனிதன்’ 1863 டிசம்பரில் ‘அற்லாந்திக் மந்த்லி’ சஞ்சிகையில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. பரின் கவர்ச்சியில் மயங்கிய இளம் படையதிகாரி பிலிப் நோலன் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறான். ஆத்திரத்தில் நாட்டைச் சபித்து, அதன் பெயரை இனி ஒருபோதும் கேட்கலாகாதென்கிறான். அவன் சொல்லே தண்டனையாகிறது. எஞ்சிய ஆயுள் முழுவதும் கடற்படைக் கப்பல்களில் அவன் சிறையிருக்கிறான். அமெரிக்காவைப் பற்றிய செய்திகள் வெட்டியெடுக்கப்பட்ட பத்திரிகைகளையே படிக்கிறான். உண்மைச் செய்தி போன்று எழுதப்பட்டமையால் வாசகர் பலர் நோலன் உண்மையில் வாழ்ந்தவனென்றே நம்பினர்.

இக்கதை தோன்றிய சூழலை அறியாது இதனை மதிப்பிடல் இயலாது. உள்நாட்டுப் போரைக் கண்டித்துப் பேசியமைக்காக ஒகையோ அரசியல்வாதி கிளெமன்ற் வலாண்டிகம் 1863 மே மாதத்தில் இராணுவ ஆணைக்குழுவினால் விசாரிக்கப்பட்டார். லிங்கன் அவரது சிறைத்தண்டனையை மாற்றித் தென்பகுதிக்கு நாடுகடத்தினார். வலாண்டிகம் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட தேர்தலை மனத்திற்கொண்டே ஹேல் இதனை எழுதினார்; ஆனால் கதை வெளிவருமுன் தேர்தல் முடிந்துவிட்டது. வலாண்டிகம் பிற்போக்குவாதி என்பதிலோ அடிமை ஒழிப்புப் போராக மாறிக்கொண்டிருந்த வடபகுதியின் போர் வரலாற்று முன்னேற்றத்துக்கு உதவியதென்பதிலோ ஐயமில்லை. ஆயினும் கதையின் உள்ளமைப்பு உணர்த்துவது வேறு. நோலன் தண்டிக்கப்படுவது செயலுக்காகவன்று, சொல்லுக்காகவே. மார்ஷல் 1807 இற் கட்டியெழுப்பிய வேலியை ஹேல் தம் கதையில் மெல்லப் பிடுங்கிவிடுகிறார். அதனை வாசகன் உணராத வண்ணம் அவன் கண்களைக் கண்ணீரால் மறைக்கிறார்.

கதையின் உச்சமான காட்சியைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். கைப்பற்றப்பட்ட அடிமைக் கப்பலொன்றில் ஆபிரிக்கர் அடைபட்டிருக்கின்றனர். போர்த்துக்கேய மொழி தெரிந்த நோலன் மொழிபெயர்க்கிறான். விடுவிக்கப்பட்டவர்கள் அண்மையிலுள்ள கரையொன்றில் இறங்க மறுத்து, தத்தம் வீடுகளுக்கே கொண்டு செல்லுமாறு இரந்து கேட்கின்றனர். அதனைத் தன் வாயால் மொழிபெயர்க்க நேர்ந்த நோலன் உள்ளமுடைகிறான்; பின்னர் இளம் அதிகாரி ஒருவனுக்கு நாட்டுப்பற்றைப் பற்றி உபதேசிக்கிறான். இங்கு நிகழ்வது யாது? நாட்டையும் வீட்டையும் உண்மையில் இழந்தவர் அந்த ஆபிரிக்கர். அவர்களது இழப்பு, தன் வாயால் நாட்டை இழந்த வெள்ளை அதிகாரியின் இழப்பை உணர்த்தும் உவமையாகச் சுருங்கிவிடுகிறது. உவமேயம் நோலன், உவமானம் அடிமைகள். கறுப்பின மக்கள் வட படையிற் சேர்ந்து போரிட்டுக்கொண்டிருந்த ஆண்டிலேயே அவர்கள் இவ்வாறு உவமானமாக்கப்பட்டனர் என்பது மனங்கொளத்தக்கது.

4

இருபதாம் நூற்றாண்டில் இக்கதைப்பொருளைக் கையாண்டவருள் இருவரைக் குறிப்பிடல் தகும். யூடோறா வெல்ற்றி 1942 இல் வெளியிட்ட ‘முதற் காதல்’ என்னும் சிறுகதை, 1807 ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள நாச்செஸ் நகரில் நிகழ்கிறது. விடுதியொன்றிற் சப்பாத்துத் துடைக்கும் சிறுவன் ஜோவல், பெற்றோரை இழந்தவன், செவிப்புலனற்றவன். அவனது அறைக்கு இரவில் வரும் பரும் பிளெனர்ஹாசெற்றும் பேசுவதை அவன் காண்கிறான், கேட்பதில்லை. பரின் கையசைவின் கம்பீரத்தில் மனத்தைப் பறிகொடுக்கிறான்.

சதியின் உள்ளடக்கம் யாதென அறியப்படாத உண்மையை இக்கதை வடிவத்தாலேயே ஏற்றுக்கொள்கிறது. வேர்ற்றும் ஹேலும் அறிந்தவர்போற் பேசிய இடத்தில் வெல்ற்றி மௌனத்தை வைத்தார். இது கலை நேர்மை. அதைவிட முக்கியமானது, பெருமக்களின் திட்டங்களை அவர்தம் சப்பாத்தைத் துடைக்கும் சிறுவனின் இடத்திலிருந்து நோக்கியமை. பேச்சு நீக்கப்பட்டதும் அரசியற் கவர்ச்சியென்பது ஓர் உடலசைவாக, ஒரு நடிப்பாகத் தெரிகிறது. ஆயினும் கதை அச்சிறுவனின் தனிமையோடு ஒடுங்கிவிடுகிறது. அவனது வறுமையும் பரின் பேராசையும் ஒரே மேற்குநோக்கிய நகர்வின் இரு விளைவுகள் என்னும் உண்மையின் வாயிலை அது தொட்டு நிற்கிறது, உள்ளே செல்லவில்லை.

கோர் விடாலின் ‘பர்’ நாவல் 1973 இல் வெளிவந்தது. வோட்டர்கேற் விவகாரம் அமெரிக்காவை உலுக்கிய ஆண்டு அது. ஜெபர்சனுக்கு மார்ஷல் விடுத்த அழைப்பாணை மறுஆண்டு நிக்சனுக்கு எதிரான உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் முன்மாதிரியாக எடுத்தாளப்பட்டது. விடாலின் நாவலில், 1830 களில் முதுமையெய்திய பர், இளைஞன் சாள்ஸ் ஸ்கைலரிடம் தம் கடந்த காலத்தைக் கூறுகிறார். நாட்டின் தந்தையர் எனப் போற்றப்பட்டோர் ஒவ்வொருவராகப் பீடத்திலிருந்து இறக்கப்படுகின்றனர். வாஷிங்ரன் திறமையற்ற தளபதி. ஜெபர்சன் சுதந்திரம் பேசும் அடிமையுடைமையாளர். தேசியப் புனைவுகளைத் தகர்க்கும் இம்முயற்சி வரவேற்கத்தக்கதே.

ஆனால் புனைவைத் தகர்ப்பது வேறு, வரலாற்றை விளக்குவது வேறு. விடாலின் நாவலில் வரலாறு கனவான்களின் விருந்து மேசைப் பேச்சாகவே அமைகிறது. தனிமனிதரின் பொறாமையும் புத்திக்கூர்மையும் பாசாங்குமே நிகழ்ச்சிகளை இயக்குகின்றன. அடிமைமுறை ஜெபர்சனைத் தாக்கும் ஆயுதமாகப் பயன்படுகிறது. அடிமைகள் தம் வாழ்வைத் தாமே கூறும் மாந்தராக எழுவதில்லை. வேர்ற் பாம்பாக்கிய பரை விடால் வீரராக்கினார். சாயம் மாறியது, பாத்திரப் படைப்பை வரலாற்று விளக்கமாகக் கொள்ளும் முறை மாறவில்லை. பர் நல்லவரா தீயவரா என்பதே வினாவாயின், அவர் நாடிய நிலம் யாருடையது என்னும் வினா எழாது. மெக்சிக்கோமீது ஆசை கொண்டமை 1807 இற் குற்றவியல் வழக்காயிற்று. 1845 இல் ரெக்சாஸ் இணைக்கப்பட்டு, 1848 இல் மெக்சிக்கோவிடமிருந்து பெருநிலப்பரப்புப் பறிக்கப்பட்டபோது அவ்வாசையே அரச கொள்கையாயிற்று. தனிமனிதன் செய்தாற் சதி, அரசு செய்தால் விரிவாக்கம் என்னும் இம்முரண் ஒரு பெருநாவலுக்குரிய கருப்பொருள். விடாலின் கூர்மதி அதனைக் காணாமலில்லை. ஆனால் அதனை நகைப்புக்குரியதாகக் கொண்டதேயன்றி, அதன் வேரைத் தேடவில்லை.

5

பரின் வழக்கு விசாரணையைச் சுருக்கெழுத்தாளர் டேவிட் றொபேற்சன் பதிவுசெய்தார். அது 1808 இல் இரு பெருந்தொகுதிகளாக அச்சேறியது. பின்னர் பெரும்புகழ் ஈட்டிய வாஷிங்ரன் இர்விங் போன்றோர் விசாரணையைக் காண றிச்மண்டுக்கு வந்திருந்தனர். கேப்ரியலின் தோழர்களது வாழ்வுக்கும் சாவுக்கும் எஞ்சியவை எழுதுவினைஞர்கள் சுருக்கமாகக் குறித்துவைத்த கையெழுத்துப் பதிவுகளே. வரலாற்று மூலங்களின் பருமனே வர்க்க உறவுகளைக் காட்டி நிற்கிறது. எனவே கேப்ரியலைப் பற்றி எழுதப் புகும் நாவலாசிரியனின் பணி, பரைப் பற்றி எழுதுவோனின் பணியிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. பின்னவன் பேச்சுகளின் மிகுதியிலிருந்து தெரிந்தெடுக்கிறான். முன்னவன் மௌனத்திலிருந்து பேச்சை மீட்டெடுக்கிறான்.

ஆர்னா பொன்ரம் 1936 இல் வெளியிட்ட ‘கரிய இடி’ என்னும் நாவல் இப்பணியை ஆற்றியது. அலபாமாவிற் கறுப்பின இளைஞர் ஒன்பதின்மர் பொய்க் குற்றச்சாட்டில் விசாரிக்கப்பட்டு, அவர்களுள் எண்மருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஸ்கொற்ஸ்பரோ வழக்கு உலகெங்கும் பேசப்பட்ட காலம் அது. கறுப்பின மக்களும் நீதிமன்றமும் என்னும் பொருள் அன்று பழங்கதையாக இருக்கவில்லை.

நாவலின் அமைப்பே அதன் நோக்கை உணர்த்துகிறது. கேப்ரியல் தலைவனெனினும் கதை அவனை மட்டும் பின்தொடர்வதில்லை. எசமானின் கொடுமையால் உயிர்நீக்கும் முதியவன் பண்டி, கேப்ரியலின் காதலி ஜூபா, எழுத்தறிந்த சுதந்திரக் கறுப்பின மனிதன் மிங்கோ, காட்டிக்கொடுக்கும் வீட்டு வேலைக்காரன் பென், பிரெஞ்சுப் புரட்சியின் கருத்துகளில் ஊறிய வெள்ளையர் சிலர் எனப் பல உள்ளங்களின் ஊடாக எழுச்சி வளர்கிறது. சதி என்பது ஒரு தனிமனிதனின் பேராசையாக அன்றி ஒரு கூட்டத்தின் நெடுங்கால வேட்கை உருப்பெறும் முறையாகக் காட்டப்படுகிறது. ஹெயிற்றித் தீவில் தூசான் தலைமையில் அடிமைகள் பெற்ற வெற்றி பற்றிய செய்தி அவர்களது பேச்சில் ஓயாது ஒலிக்கிறது. பரைப் பற்றிய நூல்களிற் காணக்கிடையாத ஒன்று இங்குண்டு. அதாவது, சதிக்கான காரணம்.

காட்டிக்கொடுத்த பென்னை ஆசிரியர் பாம்பாக்கவில்லை என்பதும் அவதானிக்கத்தக்கது. எசமானின் வீட்டுக்குள் முதுமையடைந்த அவனுக்கு விடுதலையே அச்சந்தருகிறது. அடிமைமுறை மனிதரின் கைகளை மட்டுமன்றி மனச்சான்றையும் பிணைக்கும் முறையை இப்பாத்திரம் புலப்படுத்துகிறது. துரோகம் என்னும் சொல் இங்கு புதிய பொருள் பெறுகிறது. எவருக்குத் துரோகம்? எசமானுக்கு விசுவாசமாய் இருப்பது தோழனுக்குத் துரோகமாகிறது. துரோகத்தைச் சட்டம் அரசின் இடத்திலிருந்து வரையறுக்கும். பொன்ரம் அதனை ஒடுக்கப்பட்டோரின் இடத்திலிருந்து நோக்கினார்.

நீதிமன்றக் காட்சி இந்நாவலின் சிகரம். இத்திட்டத்தை வெள்ளையர் எவரோ, பிரெஞ்சுப் புரட்சியாளர் எவரோ, இவனுக்கு ஊட்டியிருக்க வேண்டுமென்று விசாரிப்போர் வற்புறுத்துகின்றனர். ஓர் அடிமை தானாகவே விடுதலையை எண்ணியிருக்கக்கூடும் என்பதை ஏற்றால் அவர்களது உலகமே நிலைகுலையும். கேப்ரியலோ எண்ணம் தனதே என்பதில் உறுதியாய் நிற்கிறான். பரின் வழக்கிற் பிரதிவாதியின் முழு முயற்சியும் செயல் தன்னுடையதன்று என நிறுவுவது. இங்கு சாவை எதிர்நோக்கும் பிரதிவாதி, எண்ணம் தன்னுடையதே என உரிமை கோருகிறான். மனிதன் என்ற தகுதியே அவனுக்கு அவ்வுரிமையில் அடங்கியுள்ளது.

நாவலிற் குறைகள் இல்லாமலில்லை. பெருமழையை விதியின் குறியீடாக உயர்த்துமிடங்களில் எழுச்சியின் தோல்விக்கான அமைப்பு ரீதியான காரணங்கள் பின்தள்ளப்படுகின்றன. ஜூபாவின் சித்திரிப்பில் உடற்கவர்ச்சிக்கு அளிக்கப்பட்ட இடம் அவளது அறிவுக்கு அளிக்கப்படவில்லை. எனினும் வரலாற்று நாவல் என்னும் வடிவம் எதற்காக என்னும் வினாவுக்கு இந்நூல் தரும் விடை, விடாலின் நாவல் தரும் விடையினும் ஆழமானது.

6

முன்னர் எழுப்பிய வினாவுக்கு மீள்வோம். மார்ஷலின் தீர்ப்பு கனவான்களுக்கு மட்டுமே பயன்பட்டதா? 1851 செப்டம்பர் 11 ஆம் திகதி பென்சில்வேனியாவின் கிறிஸ்ரியானா என்னும் சிற்றூரில், தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்க வந்த மேரிலாந்து எசமான் எட்வேட் கோர்சச் கறுப்பின மக்களின் எதிர்ப்பிற் கொல்லப்பட்டான். சட்டத்தை எதிர்த்தமை நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தலாகுமென அரசு வாதிட்டது. 38 பேர்மீது தேசத்துரோகக் குற்றம் சாட்டியது. அவர்களுட் பெரும்பாலார் கறுப்பினத்தவர். முதலில் விசாரிக்கப்பட்ட காஸ்ற்னர் ஹன்வேயின் வழக்கில், நிகழ்ந்தது போர் தொடுத்தலென்னும் வரையறைக்குள் அடங்காதென நீதியரசர் கிறியர் யூரர்க்கு எடுத்துரைத்தார். அவர் அடிமை ஒழிப்பாளர்களை வெறுத்தவர். எனினும் வரையறை அவரையும் கட்டுப்படுத்தியது. யூரர் ஹன்வேயை விடுவித்தனர். ஏனையோர்மீதான துரோகக் குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டன.

ஆக, ஒரு கனவானைக் காத்த வேலி, நாற்பத்து நான்கு ஆண்டுகளின் பின் அடிமைமுறையை எதிர்த்தோரின் கழுத்தையும் காத்தது. இது சட்டத்தின் கருணையாலன்று. ஆயுதமேந்தி எதிர்த்து நின்ற மக்களின் துணிவும், அவர்களுக்காக நீதிமன்றில் வாதிட்டோரின் உழைப்பும் அந்த வரையறையைத் தம் வசமாக்கிக்கொண்டமையால். சட்டம் மேற்கட்டுமானத்தின் பகுதியாயினும் அங்கும் போராட்டம் நிகழ்கிறது என்பதற்கு இது தக்க சான்று.

அவ்வெதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய வில்லியம் பார்க்கர் முன்னாள் அடிமை. பிறெடெரிக் டக்ளசின் உதவியுடன் அவர் கனடாவுக்குத் தப்பிச் சென்றார். தம் வாழ்வையும் கிறிஸ்ரியானாச் சமரையும் விவரித்து அவர் தந்த வரலாறு 1866 இல் வெளிவந்தது. வெளியிட்ட சஞ்சிகை அதே ‘அற்லாந்திக் மந்த்லி’. ஹேலின் கற்பனை மனிதன் கண்ணீர் சிந்திய பக்கங்களிலேயே, பிறந்த நாட்டிற் பிடித்து விற்கப்படக்கூடியவராயிருந்து அந்நியநாட்டிற் புகலடைந்த ஒரு மனிதர், தம் வாயாலேயே பேசினார். நாடற்ற மனிதன் என்னும் பெயருக்கு இவ்விருவருள் எவர் உரியவர்? ஹேலின் கதை நீண்டகாலம் பாடநூலாயிற்று. பார்க்கரின் வரலாறு ஆராய்ச்சியாளர்க்கு மட்டுமே தெரிந்த ஆவணமாய்க் கிடந்தது. கேப்ரியலுக்கும் 2007 ஆம் ஆண்டிலேதான் வேர்ஜினியாவின் ஆளுநர் சம்பிரதாயமான மன்னிப்பை அறிவித்தார். தூக்கிலிட்டு 207 ஆண்டுகள் கழிந்திருந்தன.

சதிவழக்கொன்றை அடிப்படையாகக் கொண்ட இலக்கியத்தை மதிப்பிடுகையில், குற்றஞ்சாட்டப்பட்டவர் நல்லவரா தீயவரா என்னும் வினாவோடு விமர்சகன் அமைதல் கூடாது. செயலுக்கும் சொல்லுக்குமிடையே எழுப்பப்பட்ட வேலியை அப்படைப்பு மதிக்கிறதா, அன்றேல் கண்ணீரால் கரைக்கிறதா என்று கேட்டல் வேண்டும். அவ்வேலி எவரைச் சூழ நின்றது, எவரை வெளியே நிறுத்தியது என்பதை அது காட்டுகிறதா என்றும் கேட்டல் வேண்டும். முதல் வினாவை மட்டும் கேட்போர் பரின் வழக்கறிஞராவர். இரண்டாவதை மட்டும் கேட்போர் சட்டத்தையே கைவிடுவர். இரண்டையும் ஒருங்கே கேட்கத் துணிந்தமையே பொன்ரமின் நாவலை ஏனையவற்றிலிருந்து பிரித்து உயர்த்துகிறது.